நவோதயா நுழைவுத் தேர்வு

ஜவகர் நவோதய வித்யாலயங்களில் ஆறாம் வகுப்பில் சேர ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேர்வு. இவை மத்திய அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகள். கிராமப்புற மீத்திறன் மாணவர்களைக் கண்டறிந்து, பெற்றோருக்குச் செலவில்லாமல் தரமான கல்வி தருவதே இவற்றின் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 80 இடங்கள் வரை உண்டு.

தோற்றம். திட்டத்தின் மூலம் எது என்பதில் ஒத்த கருத்து இல்லை. அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டம் சர்வேலில் 1971இல் தொடங்கிய அரசு உறைவிடப் பள்ளியைச் சிலர் முன்னோடியாகக் கொள்வர். அப்போது அம்மாநில முதல்வராக இருந்த பி. வி. நரசிம்மராவ், 1985 செப்டம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் ஆனதால் இக்கருத்து வலுப்பெறுகிறது. பிரதமர் ராஜீவ் காந்தி படித்த டூன் பள்ளியின் சாயலே இதில் தெரிகிறது என்பாரும் உண்டு. 1985–86இல் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனை முறையில் இரு பள்ளிகள் திறக்கப்பட்டன. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை திட்டத்தை நாடெங்கும் கொண்டுசென்றது.

வினாத்தாள். தேர்வைத் தொடக்கத்தில் என்.சி.இ.ஆர்.டி.யும் பின்னர் சி.பி.எஸ்.இ.யும் நடத்தின. ஓராசிரியர் பள்ளியில் படித்த பிள்ளையையும் வசதியான பள்ளியில் படித்த பிள்ளையையும் ஒரே தாளால் அளப்பது எப்படி என்பதே தொடக்கம் முதல் இருந்த சிக்கல். பாடத்தைக் கேட்டால் கற்பித்தவரின் தரமே மதிப்பெண்ணாக வந்து நிற்கும். அதனால் பாதி எடை மனத்திறன் பகுதிக்குத் தரப்பட்டது. இன்றைய தாளில் 80 வினாக்கள், 100 மதிப்பெண்கள், இரண்டு மணி நேரம். மனத்திறனுக்கு 40 வினாக்களும் 50 மதிப்பெண்களும். கணக்குக்கும் மொழிக்கும் தலா 20 வினாக்கள், 25 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை.

மனத்திறன் பகுதி முழுவதும் படங்களே. ஒரு சதுரத் தாளை மடித்துத் துளையிட்டால், விரித்த பின் துளைகள் எங்கெங்கே இருக்கும்? இந்த உருவம் கண்ணாடியில் எப்படித் தெரியும்? சிக்கலான கோட்டுப்படத்துக்குள் சிறிய வடிவம் எங்கே ஒளிந்திருக்கிறது? படிப்பறிவில்லாத வீட்டுப் பிள்ளையும் பென்சிலைக் கடித்தபடி யோசித்து விடை காணக்கூடிய அழகான புதிர்கள் இவை. ஆனால் படப் புதிர்களும் பழகப் பழக எளிதாகிவிடும். பல மாநிலங்களில் நவோதயா பயிற்சி வகுப்புகளும் வழிகாட்டி நூல்களும் பெருகிய பின், இப்பகுதி இயல்பான திறனை எவ்வளவு காட்டுகிறது, பயிற்சியை எவ்வளவு காட்டுகிறது என்பது விவாதத்துக்குரியதாகிவிட்டது.

தகுதி விதிகள். நேர்மைக்கான உழைப்பு வினாத்தாளைவிட விதிகளில்தான் கூடுதலாகத் தெரிகிறது. ஒரு மாவட்டத்தின் இடங்களில் குறைந்தது 75 விழுக்காடு கிராமப்புற மாணவர்களுக்கு. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை முழுமையாகக் கிராமப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; இடையில் ஒரே ஒரு நாள் நகர்ப்புறப் பள்ளியில் படித்திருந்தாலும் அவர் நகர்ப்புற மாணவரே. கடைசி நேரத்தில் ஊர் மாற்றிச் சேர்ப்போரைத் தடுக்கவே இவ்வளவு கண்டிப்பு எனக் கொள்ளலாம். எது நகரம் என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்போ அதன் பிந்தைய அரசாணையோ முடிவுசெய்கிறது. ஆகவே ஊராட்சி நகராட்சியானால், இடம்பெயராத பிள்ளையும் நகர்ப்புறப் பிரிவுக்குப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு இடம் சிறுமியருக்கு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒதுக்கீடு மாவட்ட மக்கள்தொகையை ஒட்டியது, 15, 7.5 விழுக்காடுகளுக்குக் குறையாமலும் இரண்டும் சேர்ந்து 50ஐத் தாண்டாமலும் அமையும். தேர்வை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதலாம். பத்து வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் இது கொடிய விதி.

வருமான வரம்பு மட்டும் இல்லை. கிராமத்தில் வாழும் அரசு ஊழியரின் பிள்ளையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் வாங்கும் வளர்ச்சி நிதியில் அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத் தொகை கூடுதல். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு விலக்கு. கட்டணத்தில் பார்க்கும் வேறுபாட்டைத் தேர்வில் பார்க்காதது ஏன் என்ற கேள்வி நியாயமானதே.

மறுஆய்வு. 1990இல் அறிக்கை அளித்த ஆச்சார்ய ராமமூர்த்தி குழு, சிலரைப் பொறுக்கி வளர்ப்பதைவிடப் பொதுப்பள்ளி முறையை வலுப்படுத்துவதே தகும் என்ற நிலையிலிருந்து திட்டத்தை ஐயத்துடன் நோக்கியது. பள்ளிகள் தொடர்ந்தன.

தமிழகத் தொடர்பு. இந்தி கற்பிக்கும் மும்மொழி ஏற்பாட்டின் காரணமாகத் தமிழ்நாடு இப்பள்ளிகளை ஏற்கவில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பள்ளிகள் உண்டு. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் விண்ணப்பிப்பவர் அந்தந்த மாவட்டத்திலேயே படித்திருக்க வேண்டும் என்பதால், காரைக்கால் எல்லைக்கு இப்பால் உள்ள பிள்ளைக்கு வாய்ப்பில்லை. 2017 செப்டம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பள்ளிகள் தொடங்க வழிசெய்யுமாறு உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

அண்மைக்காலம். பள்ளிகளின் எண்ணிக்கை 650ஐக் கடந்துள்ளது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு சேர்க்கப்பட்டுள்ளது. விண்ணப்பம் இணையவழிக்கு மாறியுள்ளது.