ஆஸ்கர் ஃபிஸ்டரின் மேய்ப்புப்பணியில் உளப்பகுப்பாய்வும் கிறித்தவ நம்பிக்கையும்

முன்னுரை

குடும்பச் சிக்கல்களோடு வருவோரை ஆற்றுப்படுத்துவது கிறித்தவப் போதகரின் பழைமையான கடமைகளுள் ஒன்று. இக்கடமைக்கு உளப்பகுப்பாய்வைத் தொடக்கக் காலத்திலேயே துணைக்கொண்டவர், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரச் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஆஸ்கர் ஃபிஸ்டர் (1873-1956). அவர் உளவியலை நம்பிக்கையின் ஏவலாளாக மட்டும் கருதவில்லை. நம்பிக்கையையே சோதிக்கும் உரிமையையும் அதற்கு வழங்கினார் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

புதிய முறையும் குடும்பமும்

1902 முதல் 1939 வரை சூரிச்சின் பிரெடிகர் ஆலயத்தில் ஃபிஸ்டர் பணியாற்றினார். 1909இல் தொடங்கிய ஃபிராய்டுடனான கடிதத் தொடர்பு ஃபிராய்டின் இறுதிக்காலம் வரை நீடித்தது. ஃபிஸ்டர் 1913இல் வெளியிட்ட உளப்பகுப்பாய்வு முறை பற்றிய நூலுக்கு ஃபிராய்டே முன்னுரை எழுதினார்.

குழந்தைகளின் அன்பையும் அதன் பிறழ்வுகளையும் குறித்து 1922இல் ஃபிஸ்டர் எழுதிய நூல் குடும்ப ஆற்றுப்படுத்தல் வரலாற்றில் கருதத்தக்கது. பிள்ளையின் முரண்பட்ட நடத்தையைப் பாவமாகவோ பிடிவாதமாகவோ மட்டும் காணாமல், பெற்றோருடனும் உடன்பிறந்தோருடனும் அதற்குள்ள உறவில் அன்பு எவ்வாறு திசைமாறியது என வினவும் நோக்கு அதில் அமைந்துள்ளது. இதனால் போதகரின் பார்வை, கண்டிக்கப்பட வேண்டிய தனியாளிடமிருந்து சீர்செய்யப்பட வேண்டிய உறவுக்கு நகர்கிறது.

இருபுற எதிர்ப்பு

சமயத்தை மாயையெனக் கூறும் நூலை 1927இல் ஃபிராய்டு வெளியிட்டார். மறு ஆண்டே ஃபிஸ்டர் அதற்கு மறுப்பு எழுதினார். உளப்பகுப்பாய்வை மருத்துவரிடமிருந்தும் குருமாரிடமிருந்தும் காக்க விரும்புவதாக ஃபிராய்டு 1928இல் அவருக்கு எழுதினார். மருத்துவரல்லாத குருவாகிய ஃபிஸ்டரின் நிலை இதனால் இக்கட்டானது. சுவிட்சர்லாந்தின் மருத்துவப் பகுப்பாய்வாளர் சிலரும் அக்காலத்தில் தனிச் சங்கம் கண்டு பிரிந்தனர். ஆயினும் ஃபிஸ்டர் போதகப் பணியையோ பகுப்பாய்வையோ கைவிடவில்லை. ஃபிராய்டுடனான நட்பும் முறியவில்லை.

அச்சமும் அன்பும்

கிறித்தவத்தையும் அச்சத்தையும் ஆராயும் அவரது நூல் 1944இல் வெளிவந்தது. அன்பை மையமாகக் கொண்ட சமயம், வரலாற்றில் அச்சத்தை வளர்க்கும் சமயமாகத் திரிந்த இடங்களை அதில் அவர் உளவியல் நோக்கில் ஆராய்ந்தார். இங்கு ஆய்வுக்கு உள்ளாவது ஆற்றுப்படுத்தப்படுபவரின் மனம் மட்டுமன்று. ஆற்றுப்படுத்தும் திருச்சபையின் போதனையுமாகும்.

முடிவுரை

ஃபிஸ்டரிடம் உளப்பகுப்பாய்வு அன்பின் தடைகளைக் கண்டறியும் வழியாகவும், நம்பிக்கை அவ்வன்பு சென்றடையும் இலக்காகவும் அமைந்தன. கலங்கிவரும் குடும்பத்தின்மீது போதகருக்குள்ள அதிகாரம் பெரிது. அவ்வதிகாரம் அச்சமூட்டும் கருவியாக மாறுகிறதா எனத் தன்னையே வினவும் பயிற்சியே மேய்ப்புப்பணிக்கு ஃபிஸ்டர் விட்டுச்சென்ற முதன்மைப் பங்களிப்பு எனலாம்.