உயிர்வேலிக்குப் பின்னால் போலீஸ்: இங்கிலாந்தின் கிராமச் சாலைகளில் வேகக் கண்ணிகள்

வேகக் கண்ணி என்னும் போலீஸ் முறை இங்கிலாந்தில் முழு வடிவம் பெற்றது நகரத் தெருக்களில் அல்ல. லண்டனுக்குத் தெற்கே, சர்ரே, சசெக்ஸ் கவுண்டிகளின் கிராமச் சாலைகளில். கடற்கரை ஊரான பிரைட்டனுக்கும் துறைமுக நகரான போர்ட்ஸ்மத்துக்கும் லண்டனிலிருந்து செல்லும் பழைய சாலைகள் இந்தக் கவுண்டிகளின் வழியாகப் போகின்றன. சுண்ணாம்புக் குன்றுகளும், இருமருங்கிலும் உயிர்வேலிகளும், குதிரை வண்டிக் காலத்துச் சத்திரங்களும் நிறைந்த வழிகள் அவை. ரயில் வந்தபின் அங்கே ஆளரவம் குறைந்தது. சைக்கிள் சங்கத்தினர் அவற்றை மீண்டும் தேடி வந்தார்கள். அவர்களை அடுத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வார இறுதிதோறும் கார்கள் வரத் தொடங்கின.

அதுவரை இயந்திர வண்டிகளைச் சட்டம் நீராவி எஞ்சினை மனத்தில் வைத்தே நடத்தியது. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும், ஊருக்குள் 2 மைலுக்கும் மேல் போகக் கூடாது. 60 கஜ தூரம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடக்க வேண்டும். கொடிக்கான கட்டாயம் 1878-இல் தளர்ந்தது. வேக வரம்பு அப்படியே நின்றது. 1896 ஜனவரியில் கென்ட் கவுண்டியின் பேடக் வுட் கிராமத்தில் வால்டர் ஆர்னால்ட் என்பவர் 2 மைல் வரம்புக்கு மேல், 8 மைல் வேகத்தில் காரை ஓட்டிச் சென்றார். கான்ஸ்டபிள் சைக்கிளில் 5 மைல் துரத்திப் பிடித்தார். வேகக் குற்றத்துக்கு அபராதம் 1 ஷில்லிங். கார் ஓட்டி, வேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மனிதர் அவர் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அதே ஆண்டு நவம்பரில் புதிய சட்டம் வந்து வரம்பு 14 மைலானது. ஆனால் உள்ளாட்சி வாரியம் தன் விதிகளின் மூலம் அதை 12-ஆகக் குறைத்தது.

பெரிய மோதலுக்கு வழி திறந்தது 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம். 1904 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு காருக்கும் பதிவு எண் பலகை கட்டாயமானது. ஓட்டுபவர் 5 ஷில்லிங் கட்டி உரிமம் வாங்க வேண்டும். பொது வேக வரம்பு மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். தேர்வு எதுவும் கிடையாது; பணம் கட்டினால் உரிமம். அன்றைய நல்ல கார் எதுவும் இந்த வரம்பைச் சிரமமின்றித் தாண்டும். சட்டம் எழுதப்பட்ட நாளிலேயே, திறந்த நேர்ச் சாலையில் அது மீறப்படும் என்பது எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது. வரம்பு வேண்டாம் என்றவர்களையும் வேண்டும் என்றவர்களையும் ஒரு சமரசத்தில் நிறுத்தப் பிறந்த எண் அது.

இந்த எண்ணைக் காப்பாற்றும் வேலை கவுண்டிப் போலீசாரின் தலையில் விழுந்தது. அவர்களிடம் கார் இல்லை, வேகம் அளக்கும் கருவியும் இல்லை. கையில் இருந்தவை அளவு நாடாவும் ஸ்டாப்வாட்சும்தான். சாலையில் 220 கஜம், அல்லது அதன் இரு மடங்கு அளந்து குறித்துக்கொள்வார்கள். ஒரு முனையில் ஒரு கான்ஸ்டபிள் உயிர்வேலிக்குப் பின்னாலோ மரத்தின் மறைவிலோ நிற்பார். கார் கோட்டைத் தாண்டியதும் சைகை காட்டுவார். மறுமுனையில் மறைந்திருப்பவர் கடிகாரத்தை அழுத்துவார். சற்றுத் தள்ளி, சீருடையில் நிற்கும் மூன்றாமவர் வண்டியை மறித்து நிறுத்துவார். 20 மைல் வேகத்தில் 220 கஜத்தைக் கடக்க 22½ வினாடி ஆகும். அதற்குக் குறைவாக எடுத்துக்கொண்டவர் குற்றவாளி.

கணக்கு எளிது, ஆனால் நம்பகமானது அல்ல. சைகை காட்டுபவரின் கை ஒரு கணம் முந்தினாலும், கடிகாரம் வைத்திருப்பவரின் விரல் ஒரு கணம் பிந்தினாலும் முடிவு மாறும். இந்தத் தூரத்தில் ஒரு வினாடிப் பிழை ஏறத்தாழ ஒரு மைல் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடும். வழக்கு மன்றத்துக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருக்கும் மாஜிஸ்திரேட் பெரும்பாலும் அதே வட்டாரத்தின் நிலக்கிழார். போலீஸ்காரரின் வாக்குமூலத்துக்கு எதிரே ஓட்டியின் பேச்சு எடுபடவில்லை. சர்ரே கவுண்டியில் போலீஸ் தலைவர் கேப்டன் சான்ட் இந்த முறையை உறுதியாக ஆதரித்து நடத்தினார். போர்ட்ஸ்மத் சாலையில் கார் ஓட்டியவர்களிடையே அவருடைய கவுண்டிக்கு ஒரு கெட்ட பெயரே ஏற்பட்டுவிட்டது.

கார் வைத்திருந்தவர்களின் முறையீடு வலுவானதுதான். கண்ணி வைக்கப்பட்ட இடங்கள் பள்ளிக்கூட வாசலோ குறுகிய வளைவோ அல்ல. ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச் சாலையும் சரிவின் அடிவாரமுமே வசதியான இடங்களாக இருந்தன, ஏனென்றால் அங்கேதான் வண்டி வேகம் எடுக்கும். அபராதத் தொகைக்காகவே கண்ணிகள் வைக்கப்படுகின்றன என்ற சந்தேகமும் பரவியது.

ஆனால் மறுதரப்பின் நியாயத்தை அவர்கள் பார்க்க மறுத்தார்கள். அன்றைய சாலைகள் தண்ணீர் தெளித்து இறுக்கிய கப்பிச் சாலைகள். கார்களின் ரப்பர் சக்கரம் அந்தக் கப்பியின் மண்ணைப் பிய்த்து வாரி இறைத்தது. கோடையில் ஒரு கார் போனால் புழுதி வீட்டுக்குள்ளும், உலர்த்திய துணியிலும், தோட்டத்துக் காய்கறியிலும் படிந்தது. கோழிகளும் நாய்களும் அடிபட்டன, குதிரைகள் மிரண்டன. சாலையில் நின்று விளையாடிப் பழகிய பிள்ளைகள் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டார்கள். 1904-இல் நாடு முழுவதும் இருந்த சொந்தக் கார்கள் ஏறத்தாழ 8,000தான். அந்தச் சிறு கூட்டத்தின் ஞாயிற்றுக்கிழமை இன்பத்துக்கு வழியோரக் கிராமங்கள் விலை கொடுத்தன. போலீஸ்காரரின் கடிகாரத்துக்குப் பின்னால் இந்தக் கிராமங்களின் கோபமும் நின்றது. தாரிட்ட சாலைகள் பெருகியபோது அந்தக் கோபம் தணிந்ததே, புழுதி அதில் எவ்வளவு பெரிய பங்கு வகித்தது என்பதற்குச் சான்று.

கண்ணிக்கு எதிராக ஓட்டிகள் அமைப்பாகத் திரண்டது 1905-இல். பந்தய ஓட்டுநர் சார்லஸ் ஜாரட் முதலியோர் பிரைட்டன் சாலையில் சைக்கிள்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, முன்னால் போலீஸ் இருக்கிறது என்று எச்சரிக்கச் செய்தனர். அந்த முயற்சி வளர்ந்து, 1905 ஜூன் 29 அன்று லண்டன் டிரொகடெரோ உணவகத்தில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கமானது. ஸ்டென்சன் குக் அதன் முதல் செயலாளர். சில ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருந்த ஆட்டோமொபைல் கிளப், பிரபுக்களின் மன்றமாக, கௌரவம் பார்த்து ஒதுங்கி நின்றது. புதிய சங்கமோ நேரடியாகச் சாலையில் இறங்கியது. கண்ணிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதும், உறுப்பினர்களை எச்சரிப்பதும், வழக்கு வந்தால் வாதாட உதவுவதுமே தொடக்கத்தில் அதன் முழு வேலை. இன்று பழுதான காருக்கு உதவி அனுப்பும் நிறுவனமாக அறியப்படும் சங்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

எச்சரிப்பது குற்றமா என்ற கேள்வி விரைவில் நீதிமன்றத்துக்குப் போனது. முதல் வழக்கான பாஸ்டபிள் எதிர் லிட்டில், சங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. எச்சரிக்கப்பட்ட கார்கள் அந்த நேரத்தில் வரம்பை மீறிக்கொண்டிருந்தன என்பதற்குச் சான்று இல்லை, ஆகவே போலீசின் கடமைக்குத் தடை செய்ததாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கருதியது. 1909-இல் விசாரிக்கப்பட்ட பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கில் நிலைமை வேறு. அங்கே கார்கள் ஏற்கெனவே அதிக வேகத்தில் வந்துகொண்டிருந்தன. சங்கத்தின் ரோந்துக்காரர் சைகை செய்ததும் அளந்த தூரம் முடிவதற்குள் வேகத்தைக் குறைத்துக்கொண்டன. நடந்துகொண்டிருக்கும் குற்றத்துக்கான சாட்சியத்தை அந்தச் சைகை அழித்துவிட்டது, அது தடை செய்த குற்றமே என்று தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டோன் பிரபுவின் அமர்வு தீர்ப்பளித்தது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலான கோடு நூறாண்டு கடந்தும் அழியவில்லை. 2005-இல், கையசைத்து மற்றவர்களை எச்சரித்த ஒரு லாரி ஓட்டுநரின் வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எச்சரிக்கப்பட்டவர்கள் வேகமாக வந்தார்கள் என்று நிறுவப்படவில்லை என்பதே காரணம்.

பெட்ஸ் தீர்ப்புக்குப் பின் சங்கம் வழியை மாற்றியது. உறுப்பினரின் காரில் சங்கத்தின் சின்னம் பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கண்டால் ரோந்துக்காரர் விறைப்பாக சல்யூட் அடிப்பார். சல்யூட் வரவில்லையென்றால் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்கும்படி சங்கக் கையேடு உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. காரணம் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். கையசைத்து எச்சரிப்பவரைத் தண்டிக்கலாம், சல்யூட் அடிக்காமல் நின்றவரை எந்தச் சட்டத்தில் தண்டிப்பது? சட்டத்தின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்ட ஏற்பாடு இது. பொது வேக வரம்பு ஒழிந்த பின்னும் சல்யூட் மரியாதையாகத் தங்கிவிட்டது. 1960களின் தொடக்கம் வரை நீடித்தது. 1914-க்குள் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 83,000 ஆகியிருந்தது.

இந்தப் பகையின் கசப்பு இலக்கியத்திலும் பதிந்தது. சசெக்ஸில் குடியிருந்த ருட்யார்ட் கிப்ளிங் காரில் பெருவிருப்பம் கொண்டவர். 1917-இல் நூலாக வெளிவந்த அவருடைய சிறுகதை ஒன்றில், கிராம வேகக் கண்ணியில் சிக்கி, உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் அவமானப்பட்ட ஒரு காரின் பயணிகள், அந்தக் கிராமத்தையே நாடு சிரிக்கும்படி செய்து பழிவாங்குகிறார்கள். கதையின் கொடுமை வாசகரைச் சங்கடப்படுத்தக்கூடியது. படித்த, வசதியான ஒரு வகுப்பு சாலைப் போலீசை எவ்வளவு வெறுத்தது என்பதற்கு அதைவிட நேரான பதிவு அரிது.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 1905-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், பொது வேக வரம்பை நீக்கிவிடலாம் என்று 1906-இல் பரிந்துரைத்தது. பரிந்துரை தூங்கியது. 1920களில் ஆஸ்டின் செவன் போன்ற சிறு கார்கள் நடுத்தர வகுப்பிடம் வந்தன. ஆனாலும் ஏட்டில் 20 மைல் வரம்பு அப்படியே இருந்தது. கடைசியில் ஹெர்பர்ட் மாரிசன் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது வந்த 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், கார்களுக்கான வேக வரம்பை முற்றிலும் எடுத்துவிட்டது. எல்லாரும் மீறும் சட்டம், சட்டத்தின் மீதுள்ள மதிப்பையே அரித்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இந்தத் தீர்வு மனித உயிர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. 1930-இல் பிரிட்டனின் சாலைகளில் 7,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1934-இலும் அதே நிலை. இன்றோடு ஒப்பிட்டால் வண்டிகள் மிகச் சில இருந்த காலம் அது. இறந்தவர்களுள் பெரும் பகுதியினர் நடந்தும் சைக்கிளிலும் சென்றவர்கள். நாடாளுமன்றம் பின்வாங்கியது. 1935 மார்ச் 18 முதல் குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் வரம்பு வந்தது, அதே ஆண்டு ஜூன் முதல் ஓட்டுநர் தேர்வும் கட்டாயமானது. எது குடியிருப்புப் பகுதி என்பதைத் தெருவிளக்குகளின் இடைவெளி தீர்மானித்தது. விளக்கில்லாத கிராமச் சாலை மேலும் 30 ஆண்டுகள் வரம்பின்றிக் கிடந்தது. 1965 டிசம்பரில்தான் அங்கும் 70 மைல் வரம்பு சோதனையாக விதிக்கப்பட்டது. நடுவே பிரிப்பு இல்லாத இருவழிச் சாலைகளுக்கு அது 1977-இல் 60-ஆனது.

ஸ்டாப்வாட்சின் இடத்தை ரேடாரும், 1992 முதல் தானியங்கிக் கேமராவும் பிடித்தன. அந்தக் கேமராவுக்குப் பெயர் தந்த மோரிஸ் கட்சோனிடெஸ் 1953-இல் மான்டி கார்லோ பந்தயத்தை வென்ற டச்சு ஓட்டுநர். தன் வேகத்தைத் துல்லியமாக அளக்க அவர் செய்த கருவியிலிருந்து வளர்ந்தது அது. புதிய கருவியோடு பழைய சண்டையும் திரும்பியது. 2000 முதல் 2007 வரை, கேமராக்களை நடத்திய கூட்டமைப்புகள் தங்கள் செலவை அபராதப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி இருந்தது. வருமானத்துக்காக வைத்த கண்ணி என்ற 1905-ஆம் ஆண்டுப் புகார் மீண்டும் எழுந்தது. 2001-இல் கேமராக்களுக்கு மஞ்சள் வண்ணம் பூச அரசு முடிவு செய்தது, ஒளிந்து பிடிப்பதில்லை என்று காட்டுவதற்காகவே.

இந்த வரலாற்றின் அண்மைக் களங்களுள் ஒன்று மேக்கல்ஸ்ஃபீல்டுக்கும் பக்ஸ்டனுக்கும் இடையே பீக் மாவட்டத்து மேட்டுநிலத்தைக் கடக்கும் ஏ537 சாலை. ஏறத்தாழ 515 மீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய சத்திரத்தின் பெயரால் அதைக் 'கேட் அண்ட் ஃபிடில்' சாலை என்பார்கள். வளைவுகளுக்காகவே மோட்டார் சைக்கிள்காரர்கள் வார இறுதிகளில் கூட்டமாக அங்கே வந்தார்கள். நாட்டிலேயே மிக ஆபத்தான சாலை என்று அது ஆய்வறிக்கைகளில் பலமுறை குறிக்கப்பட்டது. 2010-இல் அங்கே சராசரி வேகக் கேமராக்கள் நிறுவப்பட்டன. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை வண்டி எடுத்த நேரத்தை அவை கணக்கிடுகின்றன. சர்ரே கான்ஸ்டபிள்கள் அளந்ததும் இதையேதான். ஆனால் இங்கே இடத்தைத் தேர்ந்தெடுத்தது விபத்துக் கணக்கு, கேமரா எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கிறது, அளவிலும் ஒரு கை முந்தியது, ஒரு விரல் பிந்தியது என்ற பேச்சுக்கு இடமில்லை. 1904-இன் முறை தோற்றதும் இந்த மூன்றிலும்தான். சாலைப் போக்குவரத்து ஆய்வு அமைப்பான ஆர்ஏசி அறக்கட்டளைக்காக 2016-இல் வெளியான ஆய்வு, பிரிட்டனில் இத்தகைய கேமராக்கள் வைக்கப்பட்ட சாலைகளில் உயிரிழப்பும் படுகாயமும் நேர்ந்த விபத்துகள் சராசரியாக 36 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது.