இரண்டு தரம் சூரியன் உதித்த பயணம்

பேர்த்திலிருந்து லண்டனுக்கு இப்போது ஒரே பறப்பில் போகலாம். கிட்டத்தட்ட 14,500 கிலோமீற்றர், 17 மணித்தியாலம். 2018இல் அந்தச் சேவை தொடங்கியபோது உலகமே அதைப் பற்றிக் கதைத்தது. ஆனால் அதே பேர்த்திலிருந்து எங்கட நாட்டுக்கு 30 மணித்தியாலம் நிற்காமல் பறந்து வந்த காலமொன்று இருந்தது எண்டு எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அவுஸ்திரேலியாவையும் லண்டனையும் இணைத்த வான்பாதை அதோடு அறுந்தது. அதை ஒட்டவைக்க இந்து சமுத்திரத்தை நேராகக் கடப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1943 நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா கடல் விமானங்களோடு இறங்கியது. பேர்த்தின் சுவான் ஆற்றில் கிளம்பினால் காலிக்குப் பக்கத்தில் கொக்கல வாவியில்தான் இறக்கம். இடையில் 5,652 கிலோமீற்றர் வெறும் கடல்.

எரிபொருளுக்கு இடம் வேண்டுமென்று விமானத்திலிருந்து கழற்றக்கூடியதெல்லாம் கழற்றப்பட்டது. ஏற்றியது அதிகபட்சம் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்தான். ஜப்பானியரின் காதில் விழாமலிருக்க வானொலி மௌனம். வழி காட்டியது நட்சத்திரங்கள். வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவுதான். ஒரே பயணத்தில் இரண்டு தரம் சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். அதனால்தான் 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர். மிக நீண்ட பயணம் 32 மணித்தியாலம் 9 நிமிடம். 1945 யூலை வரை 271 தடவை கடலைக் கடந்தார்கள்.

வீரக்கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விமானங்கள் வந்திறங்கிய கொக்கல, மனிதர்கள் வாழ்ந்த கிராமம். பிரித்தானிய விமானப்படைத் தளத்துக்காக ஊர்ச்சனத்தை எழுப்பினார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது. இன்று அது அருங்காட்சியகம். விமானிகளின் மணித்தியாலக் கணக்கு நிமிடம் தவறாமல் பதிவாகியிருக்கிறது. வீடு இழந்தவர்களின் கணக்கை அந்தக் கதையோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை.

இது தெற்கின் பழைய கதை எண்டு நாங்கள் கடந்து போக முடியாது. பலாலி ஓடுதளமும் அதே போர்க்காலத்தில் பிரித்தானியர் போட்டதுதான். 1990இல் அதைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. 2019இல் அது சர்வதேச விமான நிலையமானது. இப்போது சென்னைக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான். அந்தச் சுருக்கமான பயணம் எங்களுக்கும் தேவைதான். ஆனால் பக்கத்துக் காணிக்காரர் எல்லாருக்கும் சொந்த வளவுக்குப் போக இன்னும் வழி திறக்கவில்லை.

இரண்டு நகரங்களுக்கிடையிலான தூரத்தை அளக்கும்போது, ஓடுதளத்துக்கும் அதன் வேலிக்கு வெளியே நிற்பவரின் வீட்டுக்குமுள்ள தூரத்தையும் சேர்த்து எழுதுவோம்.