வீட்டில் கோழி வளர்க்கப் போறீங்களா? முட்டைக்கு எது, கறிக்கு எது, குஞ்சுக்கு எது?

மொட்டை மாடியிலோ ஊர்த் தோட்டத்திலோ நாலு கோழி வளர்த்தால் என்ன என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டுப் புறக்கடையில் வளரும் கோழி, வாத்து போன்ற பறவைகள் சுமார் 31.7 கோடி. 2012-ஐ விட இது ஏறக்குறைய 46 சதவீதம் அதிகம். அதே காலத்தில் பெரிய பண்ணைப் பறவைகள் கூடியது 4.5 சதவீதம்தான்.

பலரும் கேட்பது, 'எந்தக் கோழி நல்ல கோழி?' முதலில் கேட்க வேண்டியது, 'எனக்கு எதுக்குக் கோழி?'

ஒரே கோழி எல்லாம் தராதா?

தராது. அடைக்கு உட்காரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். பொரிக்க 21 நாள், பிறகு குஞ்சுகளை மேய்க்கப் பல வாரம். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முட்டை அளவில் நின்றுவிட இதுவும் முக்கியக் காரணம். வெள்ளை லெகார்ன் வழிவந்த பண்ணைக் கோழிகள் 300 முட்டை இடுகின்றன என்றால், அவற்றில் அடை உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள்.

முட்டைக்கு எது?

நாமக்கல் பண்ணைகளில் பார்க்கும் வெள்ளைக் கோழிக்குச் சரிவிகிதத் தீவனமும் பாதுகாப்பான கூண்டும் வேண்டும். வீட்டுக்கு ஏற்றது, ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கிராமப்பிரியா. புறக்கடையில் வருஷத்துக்கு 160 முதல் 180 முட்டை எதிர்பார்க்கலாம். முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே தேவையில்லை.

தீவனக் கணக்கையும் பாருங்க. தினம் 110 கிராம் தின்னும் கோழிக்கு வருஷத்துக்கு 40 கிலோ தீவனம் வேண்டும். 300 முட்டை இட்டால், ஒரு முட்டைக்கு 134 கிராம். 170 முட்டை என்றால், 236 கிராம். நாட்டுக்கோழி தினம் 80 கிராம்தான் தின்னும் என்று வைத்தாலும், ஒரு முட்டைக்குக் கிட்டத்தட்ட அரை கிலோ! புழு, பூச்சி, சிந்திய தானியம் பொறுக்க இடம் இருந்தால்தான் நாட்டுக்கோழி கட்டுப்படியாகும்.

கறிக்கு எது?

பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் 2 கிலோ வந்துவிடும். ஆனால் குஞ்சுப் பருவத்தில் கதகதப்பு, தொடர்ந்து அடர்தீவனம், சரியான நேரத்தில் விற்பனை எல்லாம் வேண்டும். வீட்டுக்கு, அதே ஹைதராபாத் நிறுவனத்தின் வனராஜா பொருத்தம். சேவல்கள் கறிக்கு, பெட்டைகள் வருஷத்துக்கு நூறு முட்டைக்கு மேல்.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத் கருங்கோழிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறிக்கு நல்ல விலை உண்டு. ஆனால் மெதுவாகத்தான் வளரும், முட்டையும் கிராமப்பிரியாவை விடக் குறைவு. உங்கள் ஊரில் வாங்க ஆள் இருக்காங்களா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

குஞ்சு எடுக்கணுமா?

பணம் விரயமாவது பெரும்பாலும் இங்கேதான். வனராஜாவும் கிராமப்பிரியாவும் கலப்பினங்கள். அவற்றின் முட்டையைப் பொரித்து வரும் குஞ்சுகளில் தாயின் திறன் அப்படியே வராது. ஒவ்வொரு தடவையும் புதுக் குஞ்சு வாங்க வேண்டும்.

வீட்டிலேயே பெருக்க, அசீல் போன்ற கலப்பில்லாத நாட்டினம்தான் சரி. அசீல் முட்டை குறைவாக இடும், ஆனால் நன்றாக அடைகாக்கும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஒரே ரத்தத்தில் சேராமல் இருக்க, அவ்வப்போது சேவலை வெளியிலிருந்து மாற்றுங்கள். கடக்நாத் அடைகாப்பதில் சுமார்தான். அதன் முட்டையை நாட்டுக்கோழிக்கு அடியில் வைப்பது நல்லது.

வாங்கும் முன் என்ன கேட்கணும்?

• தூய இனமா, கலப்பினமா?

• பெட்டை, சேவல் பிரித்த குஞ்சா? பிரிக்காவிட்டால் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். அதிகாலையில் கூவும், பக்கத்து வீட்டையும் யோசிங்க.

• மாரெக்ஸ் தடுப்பூசி முதல் நாளே போட்டாச்சா? வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கு, முதல் வாரத்தில் சொட்டு மருந்து விட வேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

தீவனம் முழுக்கக் கடையில்தான் வாங்கணும், முட்டை மட்டும் போதும் என்றால் கிராமப்பிரியா. மேய இடமும் அடைவைக்கப் பொறுமையும் இருந்தால் நாட்டுக்கோழி. முதல் தடவை ஐந்தாறு குஞ்சுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.