ஒரு பவுண்டு தானியமும் ஒரு வருஷ மாத்திரையும்

வடசென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். கேலிப்பெயர் இல்லை, அதன் பிறப்பே அதுதான். ஹைதர் அலியோடு கம்பெனிக்காரன் போட்ட சண்டையில் ஊரெல்லாம் பஞ்சமாகி, சனங்கள் பட்டணத்துக்கு ஓடிவந்தார்கள். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் திறந்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பேர். கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள். கஞ்சி ஊற்றிய இடத்திலேயே மருந்தும் கொடுக்க வேண்டி வந்தது. அந்த மருந்துக்கூடம் வளர்ந்துதான் பின்னாளில் ஸ்டான்லி ஆனது.

கஞ்சியும் மருந்தும் ஒரே வாசலில் இருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். பசியும் நோயும் வேறு வேறல்ல என்று அன்று யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை. வாசலில் விழுந்து கிடந்த உடம்பே அதைச் சொல்லிற்று. அந்த இரண்டையும் பிற்பாடு எப்படிப் பிரித்தார்கள், பிரித்ததில் சேரி உடம்புக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

*

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நிலமில்லாதவனைத்தான் பஞ்சம் முதலில் தின்னும். பண்ணையில் படியளப்பு நின்றால் அடுத்த வேளைக்குக் குதிரில் ஒன்றும் இருக்காது, குதிரே இருக்காது. லட்சக்கணக்கில் செத்தார்கள். உயிரோடு இருந்தவர்களில் ஒரு பகுதி மதராசுக்கு நடந்தது.

1877இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு, ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் செலவைக் குறைக்கச் சொல்லி இங்கே அனுப்பினான். நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று டெம்பிள் கணக்குப் போட்டான். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். மண் வெட்டுகிற, கல் சுமக்கிற உடம்புக்கு அவ்வளவுதான். மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற டாக்டர் இதை எதிர்த்து எழுதினார். இந்த அளவு சோற்றில் வேலை செய்கிறவன் மெலிவான், நோயில் விழுவான், சாவான் என்றார். டெம்பிள் மசியவில்லை. முகாம்களில் சனங்கள் எலும்பும் தோலுமாக விழ ஆரம்பித்த பிறகுதான் அளவைக் கூட்டினார்கள்.

ஒரு கூலி உடம்புக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று இந்த மாகாணத்தில் அரசாங்கம் இப்படிச் சண்டை போட்டது. யாருடைய வயிற்றை வைத்து அளந்தார்களோ அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பஞ்சக்கூலிகளை வைத்துத்தான் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். வெட்டினவன் பெயரை எந்தக் கால்வாய்க்கு வைத்திருக்கிறார்கள்? ஆனால் அதே கால்வாய்க் கரையில் பின்னாளில் குடிசை போட்டவர்களை மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்றார்கள்.

*

சேரியில் காசநோய்க்கு எலும்புருக்கி என்று ஒரு பேர் உண்டு. இப்போது டி.பி. என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். 1882இல் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமி காற்றில் வரும். இருமுகிறவன் பக்கத்தில், சன்னல் இல்லாத ஒரே அறையில், ஆறு பேர் ஏழு பேர் படுத்தால் எல்லோருக்கும் போய்ச் சேரும். ஆனால் கிருமி நுழைந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. தெம்பான உடம்பு அதை அமுக்கி வைத்துக்கொள்ளும். உடம்பு எப்போது இளைக்கிறதோ அப்போது அது எழுந்து வரும். அதனால்தான் டி.பி. வீடு பார்த்து, சட்டி பார்த்து வருகிறது.

மருந்து வராத காலத்தில் காசு உள்ளவனுக்குச் சானடோரியம் இருந்தது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. 1928இல் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து ஒன்று ஆரம்பித்தார். அந்த ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பேர் ஆயிற்று. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, 1952இல் ஐசோனியசிட் வந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ கொஞ்சம். எல்லோரையும் வருஷக்கணக்கில் படுக்க வைத்துச் சோறு போட இந்த நாட்டால் ஆகாது. அப்படியானால் வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா?

இந்தக் கேள்வியைச் சோதிக்க 1956இல் மதராசில் ஒரு காசநோய் மருந்தியல் மையம் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருக்கிறதே, அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசாங்கம் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் தலைமை. நகரத்தின் ஏழைகளிலிருந்து 193 நோயாளிகளை எடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், பாதிப் பேரை வீட்டிலேயே விட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்துக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், அதிகமாக எடை கூடினார்கள். வீட்டுக்காரர்கள் அரைவயிறும் நெரிசலுமாக, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு, ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது. பல நாடுகளில் சானடோரியங்களை மூடினார்கள். இன்று உலகத்தில் எந்த மூலையில் ஒரு டி.பி. நோயாளி வீட்டிலிருந்தபடி மாத்திரை போட்டுக் குணமாகிறாரோ, அதற்குப் பின்னால் இந்த ஊர் ஏழை நோயாளிகள் இருக்கிறார்கள். நம் சனங்களின் நெஞ்சுக்கூடு மருத்துவ அறிவுக்குக் கொடுத்த கொடை இது. பாடப்புத்தகத்தில் வரவேண்டிய விஷயம்.

அந்த ஆராய்ச்சி இன்னொன்றையும் காட்டியது. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி சானடோரியத்துக்குப் போன குடும்பத்தைவிட இங்கே கூடுதலாக நோய் வரவில்லை. பரவுவதெல்லாம் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே பரவி முடிந்துவிடுகிறது. மாத்திரை தொடங்கியபின் பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைப்பதால் வீட்டாருக்கு லாபமில்லை.

ஆனால் நடப்பு என்ன? டி.பி. என்று தெரிந்ததும் தனித் தட்டு, தனித் தம்ளர். தம்ளரில் டி.பி. பரவாது, அது காற்றில் வருகிற நோய். டீக்கடையில் தனித் தம்ளரைப் பார்த்துக் கொதித்த சனம், வீட்டுக்குள் தன் மகளுக்கே தனித் தம்ளர் எடுத்து வைக்கிறது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் என்றால் நோயையே மறைத்து, மருந்தும் இல்லாமல் விடுகிறார்கள். தீட்டு என்கிற நினைப்பு நம்மை ஊருக்கு வெளியே தள்ளியது. அதே நினைப்பு நோய் வந்தால் நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு சேரியை உண்டாக்குகிறது. இதை நாம்தான் உடைக்க வேண்டும்.

*

இப்போது கணக்குக்கு வருவோம். 1959 ஆராய்ச்சி சொன்னது என்ன? சோறு குறைவாக இருந்தாலும் மருந்து வேலை செய்யும் என்றது. மருந்து கிடைக்கவே வழியில்லாத சனத்துக்கு அது பெரிய நல்ல செய்தி. ஆனால் அதிகாரம் அதை எப்படி வாசித்தது? சோறு தேவையில்லை என்று வாசித்தது. இரண்டும் ஒன்றா? நோய் வந்தவனைக் குணமாக்க மருந்து போதுமா என்பது ஒரு கேள்வி. நோய் ஏன் இந்தத் தெருவுக்கே திரும்பத் திரும்ப வருகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியை அந்த ஆராய்ச்சி கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது போல நடந்துகொண்டார்கள்.

1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. 1997இல் அதைத் திருத்தி, கண்முன்னே மாத்திரை விழுங்க வைக்கிற டாட்ஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். மாத்திரையை நேரில் பார்த்து விழுங்க வைக்க ஆள் போட்டார்கள். அந்த மாத்திரைக்கு முன்னால் அவன் என்ன சாப்பிட்டான் என்று பார்க்க யாரையும் போடவில்லை.

எங்கள் பெரியம்மா டி.பி. மாத்திரை போட்டவள். புளியந்தோப்பில் வீட்டு வேலை செய்து பிழைத்தவள். அவள் சொன்னது இது: "மாத்திரை போட்டா மூத்திரம் செவப்பா போவும், அதுக்குக்கூட பயப்படல. ரெண்டு மாசத்துல பசி எடுக்க ஆரம்பிச்சுது பாரு, அதுக்குதான் பயந்தேன். நோவு இருந்தப்ப பசியே இல்ல, ஒரு டீ, ஒரு பன்னுல ஓட்டிட்டேன். நோவு போனா சோறு கேக்குது. முட்டை துன்னு, பால் குடின்றாரு டாக்டரு. எந்தக் கடையில ஓசில குடுக்கறான்?"

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று நடுவில் நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தினால் கிருமி மருந்துக்கு மசியாமல் போகிறது. அப்போது அவனைப் "பொறுப்பில்லாதவன்" என்கிறார்கள். பொறுப்பு யாருடையது?

மத்திய அரசு டி.பி. நோயாளிக்கு உணவுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது 2018 ஏப்ரலில். 1959க்கும் 2018க்கும் நடுவே 59 வருஷம். 500 ரூபாயை 30 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 17 ரூபாய்கூட வராது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய், நாளைக்கு 33 ரூபாய் சொச்சம். டெம்பிள் காலத்து ஒரு பவுண்டு கணக்கு இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

2023இல் ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளியானது. அனுராக் பார்கவா என்ற டாக்டரும் மற்றவர்களும் செய்தது. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. நோயாளிக்கு மட்டுமில்லாமல், வீட்டிலிருக்கிற ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். சோறு கிடைத்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. பரவக்கூடிய நுரையீரல் டி.பி. 48 சதவீதம் குறைந்தது. ஆரம்ப மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடம் சாவும் குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தின் வேலையைச் செய்திருக்கின்றன! இதைத்தான் கஞ்சித்தொட்டி வாசலில் 1782இலேயே பார்த்தோம்.

தமிழ்நாட்டில் 2022இல் காசநோய் இறப்பில்லா திட்டம் வந்தது. டி.பி. கண்டுபிடித்த உடனேயே மிகவும் மெலிந்தவர்களைப் பிரித்தெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிப்பது அதன் வழி. எடை பார்க்கிற மிஷினும் ஒரு மருந்துதான் என்று ஒப்புக்கொண்ட திட்டம் அது. நல்ல காரியம். ஆனால் சாகக் கிடக்கிறவனைக் காப்பாற்றுவது முதல் படிதான். அவன் திரும்பிப் போகிற வீடு?

*

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டுவதுதான் ஆரம்பத்தில் பேச்சு. 2000இல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று சனங்களைத் தெற்கே ஊர்க்கோடிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். கூவம் கரை, அடையாற்றுக் கரை, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை எல்லாம் காலி. அதே பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் 1990களில் பறக்கும் ரயிலுக்குத் தூண் இறங்கியது. அதற்கு ஆக்கிரமிப்பு என்று பேரில்லை. 2021இல் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது சரி.

போன இடத்தில் வேலை இல்லை. பழைய வேலைக்குப் பஸ் காசு. அந்தப் பஸ் காசு எங்கிருந்து வருகிறது? சட்டியிலிருந்துதான் வருகிறது. முதலில் போவது பருப்பு, அப்புறம் முட்டை, அப்புறம் காலைப் பலகாரம். ஒரே அறையில் குடும்பம் மொத்தமும் படுக்கிறது. 1956இல் மதராசு ஏழை வீட்டில் டாக்டர்கள் பார்த்த அதே நெரிசல், இப்போது சிமெண்டுச் சுவருக்குள். காற்றில் வருகிற நோய்க்கு ஓலைக் குடிசையும் ஒன்றுதான், கான்கிரீட்டும் ஒன்றுதான். சன்னலும் சட்டியும்தான் வித்தியாசம்.

இந்த நகரத்தில் குடிசைவாசிகள் எல்லோரும் தலித்துகள் இல்லை. மீனவர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, பஞ்சம் பிழைக்க வந்த பலரும் உண்டு. ஆனால் புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று சொன்னால் யாருடைய தெரு என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். டி.பி. கணக்கைச் சாதிவாரியாகவும் குடியிருப்பு வாரியாகவும் வெளியிட வேண்டும். ஒரு வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் அந்த வீடு மொத்தத்துக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ரேஷன் கடையிலேயே கிடைக்க வேண்டும். இடம் மாற்றுவதற்கு முன் அந்த வீட்டில் யார் மாத்திரை போடுகிறார்கள் என்று கேட்டு, போகிற இடத்தில் மாத்திரை முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். கட்டுகிற வீட்டுக்கு இரண்டு பக்கமும் சன்னல் வேண்டும்.

உலகத்துக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்த உடம்பு இது. அதற்குச் சோறு போடுவது தருமம் இல்லை, பாக்கி.