கொள்ளிடக் கரையில் ஓர் ஐரோப்பியப் பூசல்

நம் செட்டிகுளத்துக்குத் தென்கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது ஏலாக்குறிச்சி. இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் தங்கித் தொண்டாற்றிய ஊர் அது. அவருடைய தேம்பாவணியைப் போற்றும் நாம், அவருக்குப் பின்னே நின்ற ஐரோப்பியப் பூசலை எண்ணிப் பார்ப்பதில்லை.

லூத்தரின் சீர்திருத்தம் மேலைத் திருச்சபையைப் பிளந்தபின், கத்தோலிக்கரிடையே எழுந்த மறுமலர்ச்சியில் 1540-இல் திருத்தந்தையின் ஏற்பைப் பெற்றது இயேசு சபை. அச்சபையின் தத்துவ போதகர் 1606-இல் மதுரைக்கு வந்தார். கிறிஸ்தவராக ஐரோப்பியராதல் வேண்டா என்பது அவர் துணிபு. இம்மண்ணின் உடையையும் உணவையும் ஏற்றார். சாதிப் பிரிவையும் அந்நெறி ஏற்றது என்பதை மறைத்தலாகாது. வீரமாமுனிவர் அவ்வழி வந்தவர்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் தழைத்த லூத்தரன் பக்தி இயக்கமோ, ஒவ்வொருவரும் மறைநூலைத் தாமே பயின்று மனந்திரும்ப வேண்டும் என்றது. அங்குப் பயின்ற சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். எல்லோரும் பயில வேண்டுமெனில் பள்ளியும் அச்சும் வேண்டுமன்றோ? தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி நிறைவுற்றது.

இரு நெறிகளும் தமிழிலேயே மோதின. 3,615 பாக்களால் காப்பியம் பாடிய முனிவர், லூத்தரன் கொள்கையை மறுக்க 'வேத விளக்கம்' என உரைநடையைக் கைக்கொண்டார். மக்கள் முன் வழக்காடச் செய்யுள் மட்டும் போதவில்லை.

1744-இல் உரோமையின் ஆணை உள்ளூர் வழக்கங்கள் சிலவற்றைத் தடுத்தது. 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. பின்னர் 1814-இல் மீண்டது. ஆணைகள் மாறின, காப்பியமும் உரைநடையும் நிலைத்தன. எந்தச் சமயத்தவராயினும், கவிஞர்களாகிய நமக்கு அவை பொதுச்சொத்து.