கடைசி இடத்து மாஸ்டர்

செஸ்ஸில் ஆனந்துக்கு முன்னால் யார் என்று கேட்டால் நம்மில் பலர் முழிப்போம். மானுவல் ஆரோன்! 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1962 ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல் போட்டியில் 23 பேரில் கடைசி இடம்தான். ஆனால் அங்கேயே போர்டிஷையும் ஊல்மனையும் சாய்த்துவிட்டார். சாமானியப்பட்ட ஆட்களா அவர்கள்? 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் அவர் ஆரம்பித்த டால் செஸ் கிளப்பில்தான் ஆனந்த் சிறுவயதில் ஆடிப் பழகினார்.

இரும்புலியூரிலிருந்து வேலைக்கு ஓடி, திரும்பி வந்து பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, ராத்திரி பத்து மணிக்குப் பலகையை விரிக்கிற எனக்கு ஆனந்தின் ஆட்டமெல்லாம் எட்டாது. ஆரோனின் ஸ்டாக்ஹோம் ஆட்டங்களைத்தான் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தோற்றவற்றையும் சேர்த்துத்தான்.